கொம்பு

செந்தூல், பதினோராம் மாடி.
கடைசி ரயிலும் போயாயிற்று.
தே தாரிக் ஏடு கட்டிக் கிடக்கிறது.

இருபது வருடப் பேச்சை
புது மென்பொருளுக்குக் குடியேற்றுகிறேன்.
பழைய இடத்தில் தமிழாய் இருந்ததெல்லாம்
இங்கே இறங்கியதும்
தலைப்பாகை கட்டிய ஆங்கில எழுத்து,
நடுநடுவே காலிக் கட்டம்.

மாற்றியில் போட்டு எடுத்தால்
கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம்.
தன் எழுத்தை விட்டுவிட்டு
முந்தின எழுத்தின் மேல் சாய்கிறது கொம்பு,
எல்ஆர்டியில் தூங்கி விழுகிற ஆள் மாதிரி.

மூன்று ராத்திரி.
ஒரு சின்ன நிரல், ஏழு பிழை.
பிறகு ஒரு வரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தது.
இரண்டாயிரத்து மூன்று, குணாளன்:

"எந்த மென்பொருள் நல்லதுன்னு சொல்ல
தவமலருக்கு மட்டும்
கொம்பா முளைச்சிருக்கு?"

தவமலர் நான்தான்.

நான் பிடிவாதம் பிடித்த மென்பொருள்
இன்று எங்கும் இல்லை.
அவர் பிடித்ததும் இல்லை.
சிரம்பானுக்கு மாறிப் போனவரின்
எண்கூட என்னிடம் இல்லை.

அவர் வைத்த இடத்திலேயே
கொம்பை நிறுத்திச் சேமித்தேன்.

அடுத்த வரி முழுக்கக் கட்டங்கள்.
நீளத்தைப் பார்த்தால்
என் பதிலாகத்தான் இருக்கும்.

அது அப்படியே இருக்கட்டும்
இன்றைக்கு.