இரண்டு கட்டம்

எடைப்பாலத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே நாற்பது நிமிடம் கிடைக்கும்.
அதில் குறுக்கெழுத்துப் புதிர் கட்டுகிறேன்,
கோலாலம்பூர் வார இதழுக்கு,
புதிருக்கு இருபது ரிங்கிட்.

இன்று மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சிவிட்டது.
மேலிருந்து கீழ், பதினொன்று.
பொருந்துகிற சொல் ஒன்றுதான்: நோவா.

குறிப்பு எழுத வேண்டும்.
'திடீரென ஒளிகூடும் விண்மீன்' என்றால்
பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுவிடும்.
'புதுமீன்' என்றால் பொய்.
சுருங்கி, மங்கி, எந்தப் படத்திலும் பேரில்லாமல்
இருந்த இடத்திலேயே இருந்தது அது.
பக்கத்து மீனின் வாயுவை
காலங்காலமாய் மேலே இழுத்துப் போர்த்தி
ஒரு ராத்திரி தாங்காமல் பற்றிக்கொண்டது.
அண்ணாந்து பார்த்தவன் லத்தீனில்
'புதியது' என்று குறித்துவைத்தான்.
அவனுக்குப் புதியது.

செத்துப்போகிறது என்றும் எழுதுகிறார்கள்.
அது வேறு, பெரிய சங்கதி, முன்னால் 'சூப்பர்' போட்டது.
இது சாகாது. எரிவது மேல்தோல்தான்.
மறுபடி மங்கும். மறுபடி சேர்க்கும்.

போன வெள்ளிக்கிழமை ஆலைக் கேன்டீனில்
ஓவர்டைம் பாக்கி பற்றிக் கூட்டம்.
மேனேஜர் புரொஜெக்டரை அணைத்து
"வேற கேள்வி இல்லையே" என்றபோது
பின்வரிசையில் எழுந்தாள்
கோகிலவாணி த/பெ அர்ஜுனன்.
எண்ணெயின் அமிலம் பார்ப்பவள், பதினாறு வருடமாய்.
தினமும் அவளிடம் சீட்டு வாங்குகிறவன் நான்.
குரல் எப்படி என்று யாரும் கேட்டிருந்தால்
முழித்திருப்பேன்.

மாதம் மாதமாக, மணி மணியாகச் சொன்னாள்.
கையில் தாள் இல்லை.
மலாயில் சொன்னாள், பிறகு தமிழில்,
நேப்பாளிப் பையன்களுக்கு
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.
தேநீர் ஆடை கட்டியது. ஒருத்தரும் எடுத்துக் குடிக்கவில்லை.
"யாருய்யா இது, புதுசா வந்திருக்கா?"
என்றார் டிராக்டர் சின்னராஜு,
அவளோடு ஒரே வேனில் பதினாறு வருடம் வந்தவர்.

திங்களன்று பழையபடி
சன்னல் வழியே சீட்டை நீட்டினாள். பேசவில்லை.
காசு இன்னும் வரவில்லை.
மேனேஜர் மட்டும்
அவள் பேரைப் பிழையில்லாமல் சொல்லப் பழகியிருக்கிறார்.

மணி மூன்று பத்து.
பகாவ் பக்கம் வானத்தில் ஒன்றும் தெரியவில்லை,
ஆலைப் புகை.
சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.
நோவா என்றால் நோகாத என்று பழைய இலக்கணம்.
நோவா? என்று இழுத்தால் வலிக்கிறதா என்று கேட்கும்.
முதல் கட்டம் இங்கிலீஷில் தலையாட்டி மறுக்க
இரண்டாவது தமிழில் கூப்பிடுகிறது.

லாரி பாலத்தில் ஏறிவிட்டது.
டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.
முப்பத்தோரு டன், நானூற்று இருபது கிலோ,
வண்டியின் சொந்த எடை
குலையை இறக்கித் திரும்பும்போதுதான் தெரியும்.

அவசரத்தில் கிறுக்குகிறேன்:
11. முன்பே இருந்தது (2).