எல்லாம் நலம்

லிங்கன் மறைமாவட்டம் நீளமானது.
ஹம்பர் முகத்துவாரத்தில் கிளம்பினால்
தேம்ஸ் கரை தெரிவதற்குள்
குதிரைக்கு இரண்டு முறை லாடம் அடிக்க வேண்டும்.
ஆயருக்கு மூட்டுவலி. அதனால் அவர் முத்திரை வந்தது,
முத்திரையைச் சுமந்து அதிகாரி வந்தார்,
அதிகாரிக்குப் பின்னால், மைக்கூட்டோடு, நான்.

ஸ்கார்த்விக் என்றொரு பங்கு.
வியாழக்கிழமை. மழை.

பீடத்துக்கு மேலுள்ள கூரை குருவின் செலவு,
மக்கள் நிற்குமிடத்தின் கூரை மக்கள் செலவு.
இரண்டும் சேரும் வளைவுக்கு நேர் கீழே
ஒழுகிக்கொண்டிருந்தது.
எந்தப் பத்தியில் எழுதுவது என்றேன்.
"வாளியில்" என்றார் அதிகாரி.

ஆறு பேர் நற்செய்தி நூலின் மேல் கைவைத்தார்கள்,
ஒரே நூலில் ஆறு கை,
விரல்மேல் விரலாக, மண் வாசனையோடு.
தர்ஸ்டன் என்பவன் பேசினான்.

திருப்பலிப் புத்தகத்தில் எலி புகுந்து
தவக்காலத்தைத் தின்றுவிட்டது;
சாம்பல் புதன் முடிந்தால் நேரே உயிர்ப்பு ஞாயிறுதான்.
ஞானஸ்நானத் தொட்டிக்குப் பூட்டில்லை.
யாரோ தீர்த்தத்தை மொண்டுபோய்க் கன்றுகளுக்குத் தெளிக்கிறார்கள்.
யார்?
யாரோ.

பங்கின் உரிமை மாஸ்டர் பெரெங்கருடையது.
அவர் அவிஞ்ஞோனில் சட்டம் படிக்கிறார்,
பதினான்கு வருடமாகப் படிக்கிறார்.
முகத்தைப் பார்த்ததில்லை, வண்டியைப் பார்த்திருக்கிறோம்:
ஆகஸ்டில் வரும்,
பத்துக் கட்டில் ஒரு கட்டு கோதுமை ஏறும், போகும்.

இங்கே பூசை வைப்பது பதில்குரு ரானுல்ஃப்.
அவருக்குப் பத்தாவது முட்டை,
பத்தாவது வாத்து, கொஞ்சம் தேன்,
ஆடு குட்டி போட்டால் வாய்த் தகராறோடு ஒரு குட்டி.

அதிகாரி அவர் லத்தீனைச் சோதித்தார்.
ஒரு வினைச்சொல்லைக் காட்டி
இது எந்தக் காலம் என்று கேட்டார்.
ரானுல்ஃப் யோசித்து,
"காலையில் சொல்வது, ஐயா" என்றார்.
நான் இருமிக்கொண்டேன்.

கடைசிக் கேள்வி எப்போதும் அதுதான்.
குருவின் வீட்டில் பெண் உண்டா?

வாளியில் சொட்டு விழுந்தது.
தூணுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள்,
மூவருக்கும் ரானுல்ஃபின் விரிந்த காதுகள்.
சபீனா என்று யாரோ சற்றுமுன் கூப்பிட்ட பெண்
மேலாடைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டாள்.

கொள்ளைநோய் வருடத்துப் பதிவேட்டை
எழுதியவன் நான்.
இறப்பினால் காலி, இறப்பினால் காலி,
ஒரே கோடையில் ஒரே ஊருக்கு மூன்று குருக்கள்;
சில பெயர்கள் காய்வதற்குள் அடித்தேன்.
எழுதி எழுதிக் கட்டைவிரல் வீங்கியது.
ஸ்கார்த்விக் என்று அந்த வருடம் நான் எழுதவேயில்லை.
நோய் இங்கே வரவில்லை போல என்று நினைத்திருந்தேன்.

காலையில் குதிரையைக் கட்டும்போது பார்த்தேன்.
கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில்
புல் இன்னும் சரியாகப் பிடிக்காத மேடுகள்.
நாற்பதுக்குமேல் எண்ணவில்லை.
தொடக்கத்தில் ஆழமாக, வரிசையாக;
போகப்போகக் கோணலாக,
ஒரே ஆள் தோண்டிக்கொண்டே போனது போல.

தர்ஸ்டன் புத்தகத்திலிருந்து கையை எடுத்தான்,
சட்டையில் துடைத்துக்கொண்டான்.
மற்ற ஐவரும் எடுத்தார்கள்.
நூல் மட்டும் பலகையில் கிடந்தது.
பிறகுதான் சொன்னான்:
"எல்லாம் நலம்."

அதிகாரி கூரையைப் பார்த்தார், வெகுநேரம்.
அவருக்குக் கண் நல்ல கூர்மை,
ஒரு காசு குறைந்தாலும் தெரியும்.
"எழுது" என்றார்.

ஓம்னியா பெனே.
ஏழு வருடத்தில் எத்தனையோ பங்குகளுக்கு எழுதிய சொல்,
கை தானாகவே போகும்.
அன்று 'பெனே'க்குப் பக்கத்தில் ஒரு சொட்டு மை.
சுரண்டவில்லை.

கிளம்பும்போது மழை விட்டிருந்தது.
சபீனா ஓடிவந்து, ஒன்றும் சொல்லாமல்,
அவித்த முட்டையொன்றை என் கையில் வைத்தாள்.
சூடு.
பத்தாவதா, மற்ற ஒன்பதில் ஒன்றா
என்று நான் கேட்கவில்லை.
அடுத்த பங்குக்கு எட்டு மைல்.