பச்சை முனை, ரோஸ் முனை

எட்டேகாலுக்கு ஹாம்பர்க்காரன் திரைக்கு வந்துவிட்டான்.
பக்கத்துக் கட்டத்தில் குறிப்பெடுக்க ஒருத்தி.
மூன்றாவது கட்டத்தில் முகமில்லை,
ஊதா வட்டம் மட்டும். ஏஜென்ட் நல்லமுத்து,
கொடுமுடிக்காரர், அளந்துதான் பேசுவார்.

வெங்கமேட்டில் எங்கள் ஆபீஸ் ரூமுக்கும்
தறிக் கொட்டகைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
பன்னிரண்டு தறியும் ஓடும்போது
மேசைமேல் டம்ளர் தானாக நகரும்.
அதற்காகத்தான் இந்த ஹெட்செட்,
கொக்கு மூக்குபோல வாய்க்கு நேரே வளைந்த மைக்.

வணக்கம் சொன்னேன்.
அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான்.
குட் ஆப்டர்நூன் சார் என்றேன்.
மறுபடியும் காது.

நூல் அறுந்தால் தறி நின்றுவிடும்.
எந்த இழை என்று விரலுக்குத் தெரியும்.
முடிச்சுப் போட்டுத் தட்டிவிட்டால் ஓடும்.
குரல் அறுந்தால் எங்கே என்று தடவுவது?

ஒயரில் இருந்த பொத்தானைத் தள்ளினேன், இழுத்தேன்.
செட்டிங்ஸைத் திறந்தேன். மைக்குக்கு அனுமதி இருந்தது.
சத்தம் நூற்றுக்கு நூறு வைத்திருந்தது.
பேசினால் எழும்ப வேண்டிய கோடு மட்டும்
பாவு ஏற்றாத தறிபோலச்
சும்மா கிடந்தது.

அப்புறந்தான் பார்த்தேன்,
ஹெட்செட்டின் வாலில் முனை இரண்டு,
லேப்டாப்பின் இடுப்பில் துளை ஒன்று.
பச்சை உள்ளே இருந்தது.
ரோஸ் மேசை விளிம்பில் தொங்கியது,
பந்தியில் இலை கிடைக்காத ஒறம்பரை மாதிரி.

"லோகு, பஜார் வரைக்கும் போயிட்டு வா.
ரெண்டை ஒண்ணாக்குற குட்டி வயருன்னு கேளு."
பைக் கிளம்பியது.

"அதுவரைக்கும் இதை மாத்திச் சொருகிப் பாரு," என்றார் இவர்.
பச்சையைப் பிடுங்கி ரோஸைச் செருகினேன்.
என்ன செருகினாய் என்று லேப்டாப் கேட்டது,
திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி.
என் தோளுக்கு மேலே கையை நீட்டி
எதையோ அழுத்தினார் இவர்.
காதில் இருந்த இரைச்சலும் போயிற்று.
சரி, எல்லாமே செத்தது என்று
ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு
நாற்காலியோடு திரும்பினேன்.

"என்ன சொல்லப் போற?"
"பேசி வச்சதத்தான்.
உங்கூருத் தண்ணி ஒத்துக்கல,
அதான் டவல்ல சாயம் எறங்குதுன்னு."
"ம்."
"ஏனுங், கரூர்ல உக்காந்துக்கிட்டு
அசலூருத் தண்ணியக் கொறை சொன்னா
அமராவதி சிரிக்காதுங்களா?
நாலாந்தேதியே முக்கிப் பாத்தனே,
வாளித் தண்ணி பீட்ரூட் சாறாட்டம்.
கன்டெய்னர் போயிருமுன்னு
பேக் பண்ணச் சொன்னது நீங்கதான."

இவர் ஒன்றும் சொல்லவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம் நாடா
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

லோகு வந்தான். எண்பது ரூபாய்,
விரல் நீள வயர், ஒரு வால், இரண்டு வாய்.
பச்சை ஒன்றில், ரோஸ் ஒன்றில்.
அந்தப் பெட்டியை மூடினேன்.

ஹாம்பர்க்காரன் இப்போது காதைத் தொடவில்லை.
கையைக் கட்டிக்கொண்டு
ஊதா வட்டத்தைப் பார்ப்பவன்போல
ஓரமாக எங்கோ பார்த்தான்.
குறிப்பெடுப்பவள் பேனாவை மூடியிருந்தாள்.

"இப்பக் கேக்குதுங்களா?" என்றேன்,
பதற்றத்தில் இங்கிலீஷ் மறந்து.

ஊதா வட்டம் கொஞ்சம் வெளிச்சமானது.
"முன்னயே கேட்டுதுங் அம்மிணி,
லேப்டாப்புக்குள்ளயே ஒரு மைக் இருக்குதுங்கோ.
தறிச் சத்தத்தோட, எல்லாந்தான்.
தமிழ்ல பேசுனீங்க.
என்ன பேசுனாங்கன்னு சார் கேக்கறார்.
நீங்களே சொல்லீர்றீங்களா?"

கோட்டைப் பார்த்தேன்.
நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.
மூச்சுக்கே பச்சை
ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.