இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

தலைநகரம் அனுப்பிய கையேட்டில்
குளிரைக் காப்பாற்றுவது எப்படி என்று நாற்பது பக்கம்.
எங்களுக்குக் குளிர் பஞ்சமில்லை.
கிடங்குக் கதவைத் திறந்தால் மைனஸ் முப்பத்தெட்டு
எச்சில் தரையைத் தொடுமுன்னே கல்லாகும்.

மருந்துக்கு வேண்டியது இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே
ஓர் இடம்.
உறைந்து உருகினால்
முகத்தில் ஒன்றும் காட்டாது.
குலுக்கி வைத்துக் காத்திருந்தால்தான்
அடியில் திரிந்த பால் மாதிரி கொஞ்சம் துகள்.
போன ஜனவரியில் அறுநூறு ஊசிகள் அப்படி.
புதைத்தது நான்.
மண் வெட்ட முடியாமல் டயர் எரித்துத் தரையை இளக்கினோம்.

அதனால் இந்த முறை
ஸாவ்கானின் கடைசிக் குளிர்கால முகாம்வரை
நூற்றெழுபது கிலோமீட்டர்
டுலாம்சுரேன் பெட்டியை மடியில் வைத்து
ஆட்டுத்தோல் அங்கியை மேலே பொத்தானிட்டுப் போனாள்.
இருபுறமும் வெந்நீர் பாட்டில்.
வேனோட்டி யோந்தோன் திரும்பிக் கேட்டான்:
"பிள்ளை தூங்குதா?"
"நாலு டிகிரி," என்றாள்.

மூன்று கூடாரம், ஏழு பேர்.
ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து,
திறந்தால் ஆறு மணி நேரம்.
வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று ஒரு சுற்றறிக்கை,
ஒரு சொட்டும் வீணாக்காதே என்று இன்னொன்று,
இரண்டிலும் அதே கையெழுத்து.
பதினொன்றுக்குத் திறந்தாள்.

செரென்னாத்மித் கையை நீட்டவில்லை.
"ஆடுகளுக்கு ஊசி போட வந்தவர்கள்
போட்டு முடித்துத்தான் தலையை எண்ணினார்கள்.
நீங்கள் எண்ணிவிட்டு வருகிறீர்கள்."
அவளுடைய தம்பி புரெவ்ஜாவ்
இலையுதிர் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக் கொடுத்தான்.
முடிவு வந்தது பத்தொன்பதாம் நாள்:
தொற்று உண்டு, தனித்திருக்கவும்.
அதற்குள் அவன் இரண்டு முறை முகாம் மாற்றி,
அண்ணன் மகனுக்கு முதல் முடி வெட்டும் விருந்தில்
நாற்பது பேருடன் மூக்குப்பொடிப் புட்டி மாற்றிக்கொண்டு,
இருமி முடித்து,
குணமாகியிருந்தான்.
அந்த நாற்பதில் மாமா ஒருவர் குணமாகவில்லை.
டுலாம்சுரேன் பதில் சொல்லவில்லை.
தேநீர் ஆறும்வரை இருந்தாள்.
எப்போது என்று தெரியாது,
செரென்னாத்மித் சட்டைக்கையைச் சுருட்டியிருந்தாள்.

டேப்லெட்டில் முகவரி கட்டாயம்.
தெரு, கதவு எண்.
காலியாக விட்டால் சிவப்பில் கத்தும்.
பூஜ்யம் என்று போட ஒருத்தி கண்டுபிடித்தாள்.
இப்போது எங்கள் மாவட்டத்தில்
பூஜ்யத் தெரு, பூஜ்யம் எண் கதவில்
நானூற்றுப் பன்னிரண்டு பேர் வசிக்கிறார்கள்.
ஒரே வீட்டில் இவ்வளவு கூட்டமா,
பரவாதா என்று அமைச்சகம் கேட்டது.

ஏழு முடிந்து மூன்று மிச்சம்.
யோந்தோன் மலைச்சரிவில் ஆள் தேடி வண்டியை விட்டான்.
அச்சு முறிந்த நிலக்கரி லாரிக்கடியில்
இருவர் படுத்திருந்தார்கள்.
எண்ணெய்க் கையோடு ஊசி வாங்கிக்கொண்டு
ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது.
பத்தாவதாய்
ஒரு நரி.
மணி ஐந்து.

வீணான காரணம்:
உறைந்தது, உடைந்தது, காலாவதி, பிற.
பிற என்பதில் 'ஆள் இல்லை' என்று எழுதினாள்.
மறுநாள் தொலைபேசியில்
ஆள் இல்லை என்றால் என்ன பொருள் என்று கேட்டார்கள்.
சன்னல் வழியே பார்த்துவிட்டு
அதே பொருள்தான் என்றேன்.

இரவு இரண்டு மணிக்குக் கிடங்கில் பெட்டியை இறக்கினாள்.
அங்கிப் பொத்தான் அப்போதும் போட்டபடியே.
உள்ளே ஒன்றுமில்லை
என்பது வெப்பமானிக்குத் தெரியாது.
வரும் வழியெல்லாம் பதிந்திருக்கிறது:
நாலு, நாலு, ஐந்து, நாலு.
வரைபடத்தின் கீழே
பொறுப்பாளர் என்ற கோட்டில்
கையெழுத்துப் போட்டேன்.