விழுங்கக் கூடாது

காவேரிப்பட்டணம் ரோடு, மாங்கூழ் ஆலை,
ஆய்வகத்து மொட்டைமாடி, இரவு ஷிஃப்ட்.
கீழே தோல் குவியல் புளித்து நாறுகிறது.
என் வெள்ளைக் கோட்டுப் பையில்
ஹவானாவில் கிளம்பி, ராட்டர்டாமில் தூங்கி,
கிருஷ்ணகிரி வந்து சேர்ந்த ஒரு சுருட்டு.

கொள்முதல்காரர் ஹென்ட்ரிக் கொடுத்தது.
நூற்று நாற்பது டிரம் பெங்களூராவில்
நாலு டிரம் லேசாகக் கருகியிருப்பது
நான் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.
"மிஸ் சாலா, இந்த நாக்குக்கு ஏற்றது ஒன்று
என்னிடம் இருக்கிறது" என்றார்.
சாலம்மா என்று நான் திருத்தவில்லை.
முதலாளியின் முகம் போன போக்கைத்
தனியாக எழுத வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.
அடியில் அச்சு: நவம்பர் 2001.
அந்த நவம்பரில் இதே ஆலையில்
பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தேன்.
எனக்கு நாக்கு இருப்பது
யாருக்கும் தெரியாது.

எத்திலீன் அறையில் பூட்டி
நாலே நாளில் காயைப் பழமாக்கும் ஊர் இது.
டப்பாவில் அடைத்தால் இரண்டு வருஷம்,
அதற்குமேல் குப்பை.
இந்த இலையோ இருட்டில் சும்மா கிடந்தே
இருபத்து மூன்று வருஷமாகத்
தன் காரத்தைத் தானே தின்றிருக்கிறது.

சாம்பிள் கத்தியை வெந்நீரில் மூன்று முறை கழுவி
தலைப்பை மெல்ல அரிந்தேன்.
தீ வைக்குமுன் வெறும் இழுப்பு ஒன்று:
வைக்கோல். உலர்ந்த திராட்சைக் காம்பு.
புதுப் பென்சில் சீவிய வாசம்.

அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்றுக்குத்
தீக்குச்சி எம்மாத்திரம்.
ஆறு போனது.
பாய்லர் மாதையன் மேலே வந்து
இரண்டு உள்ளங்கையால் கூடு கட்டினான்.
ஏழாவது பிடித்தது.

முதலில் வறுத்த புளியங்கொட்டை.
அப்புறம், புதுச் செருப்பின் உள்பக்கம்.
நடுவில் வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை:
பாகு அடிப்பிடிப்பதற்கு
ஒரு நொடி முன்னால் எழும் அந்த மணம்.
அந்த நாலு டிரம்மும் தாண்டிப்போன இடத்தில்
இது கால் ஊன்றி நிற்கிறது.

புகையை வாயிலேயே நிறுத்து,
நெஞ்சுக்கு அனுப்பாதே என்றிருந்தார்.
எனக்கா சொல்ல வேண்டும்.
சீசனில் நாளைக்கு அறுபது கரண்டி,
சுவைத்து, துப்பி, வாய் கொப்பளித்து.
விழுங்கினால் வேலை போச்சு.

"முனியப்பனுக்கு வைக்க வேண்டிய சாமான் மேடம்."
"அவர் ஒரே மூச்சில் உள்ளே இழுக்கிற ஆள், மாதையா.
இது அவரிடம் வீண்."
சிரித்தான். சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்,
எனக்கும் சேர்த்து.

அவனுக்கும் கொடுத்தேன்.
பீடி மாதிரி இழுத்து, இருமி,
கண்ணைத் துடைத்தபடி
"எரிஞ்சு முடிஞ்ச சாம்பிராணி" என்றான்.
நான் குறித்து வைத்திருந்த
ஒன்பது வார்த்தைகளில் அது இல்லை.
சேர்த்துக்கொண்டேன்.

ஒரு அங்குலச் சாம்பல், வெள்ளை,
டோல்கேட் லாரிகள் அலறியும் உதிரவில்லை.
கடைசிப் பகுதியில் மிளகு ஏறியது,
பின்னாலேயே நனைந்த செம்மண்.
விரல் சுடும் வரை பிடித்திருந்தேன்.
நசுக்காதே, தானாக அணையட்டும் என்றிருந்தார்;
சுவர் விளிம்பில் படுக்க வைத்தேன்.
அதற்கு முந்தைய இழுப்பில்
கொஞ்சம் உள்ளே போய்விட்டது.
தெரியாமல் என்று சொல்ல மாட்டேன்.

காலை ஆறுக்கு முதல் லாட்.
கரண்டியை நாக்கில் வைத்தேன்.
மாம்பழம் எங்கோ புகைக்கு அந்தப் பக்கம் நின்றது.
நிறம் எழுதினேன், பிரிக்ஸ் எழுதினேன்,
சுவைக்கான கட்டத்தைக் காலியாக விட்டு
டேங்கரை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.
நாலு நாளில் பழுத்ததுதானே,
இன்னும் ஒரு மணி நேரம்
பொறுத்துப் பார்க்கட்டும்.