பெரும்புள்ளிகள்

முடிவுகள் பரம ரகசியம் என்று
டிவியில் விளம்பரம் ஓடிய வாரத்தில்
முப்பத்தெட்டுப் பெயர்களும்
எங்கள் கடை மேசையில் கிடந்தன, சாயாக் கறையோடு.

ஷார்ஜா, பத்தாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர் கடைக்கும் ஏசி ரிப்பேருக்கும் நடுவில்
கோப்பை செய்கிறோம்.
ஒட்டகப் பந்தயம், கம்பெனி கிரிக்கெட்,
விபத்தே இல்லாத ஆயிரம் நாள்.
இந்த வருடச் சின்னத்திரை விருதுக்குச் சுடர் வேண்டுமாம்.
பைஜு சேட்டன் கிடங்கைத் துழாவி
விற்காத ராஜாளிகளின் சிறகுகளை மட்டும் அறுத்து
நிமிர்த்தி ஒட்டினார்.
தங்க முலாம் ஏறியதும் சுடர்தான்,
சத்தியம் செய்யலாம்.

எழுத்து வெட்டுவது ரஃபீகுல்.
சில்ஹெட்காரன். தமிழ் அவனுக்குப் படம்.
கொம்பு தப்பாது, சுழி தப்பாது.
புள்ளிகளை மட்டும்
திரையில் விழுந்த தூசி என்று அழித்துவிட்டான்.
சிறநத நடிகர. சிறநத மாமியார.
விடிய விடிய ஊசியுளியால்
ஒவ்வொன்றாக நான் வைத்தேன்.
"இது எதுக்கு?" என்றான்.
உயிர் இல்லாத எழுத்துக்கு வைக்கிற அடையாளம்.
"இத்தனை பேரா" என்றான்.

சிறந்த வில்லிக்கு மட்டும் இரண்டு தகடு.
'மூன்றாம் தாழ்ப்பாள்' தேஜவதி ஹெக்டே,
'மஞ்சள் ரசீது' ரெமீனா பிலிப்.
யார் விமானம் ஏறுகிறாரோ அவர்.
விழா அன்று மாலை நாலேகாலுக்கு வாட்ஸாப் வந்தது:
ரெமீனாவுக்குக் காய்ச்சல், ஹெக்டேயை ஒட்டு.
அல் நஹ்தா நெரிசலில் வேனுக்குள்ளேயே ஒட்டினேன்.
டிரைவர் பிரேக் அடித்ததில்
ஈரப் பசையில் பதிந்தது என் கட்டைவிரல்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பு.
அறையில் எட்டுப் பேர், ஒரு டிவி,
வெங்காயம் நறுக்கும் சத்தம்.
முன்வரிசையில் பெரும்புள்ளிகள்.
உறை கிழிந்ததும் ஹெக்டே
இரண்டு கையாலும் வாய் பொத்தி
அப்படி ஒரு ஆச்சரியம்,
அதற்கே தனியாக ஒரு சுடர் கொடுக்கலாம்.
நான் விரல்ரேகையைத் தேடினேன்.
கேமரா அவ்வளவு கிட்டே போகவில்லை.

மைக்கில் பேசினார். பூனைக்குட்டிக் குரல்,
பாதி கன்னடம்.

"யார்டா இது பேசறது?"
அடுப்படியிலிருந்து செய்யது பாவா.
ஆறு வருடமாக அவர் சீரியல் பார்த்ததில்லை.
முதுகுக்குப் பின்னால் ஓடும்,
சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்பார்.
வில்லிதான் பேசுது பாவா, என்றோம்.
"போடா. அவ சிரிச்சா என் கட்டை நின்னுடும்.
இது அவ இல்ல.
ரசீதுக்காரியும் அவளேதான்.
நீங்கள்லாம் மூஞ்சியைப் பாக்கறீங்க."

அன்று ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு
எபிசோடுகளின் கடைசி நொடிகளாகத் தள்ளினேன்.
பின்னணிக் குரல்: லோக
அதற்கு மேல் சலவைத்தூள் விளம்பரம் ஏறிவிடுகிறது.
இருநூற்றுப் பதினொன்றாவது எபிசோடிலும்
அதே இடத்தில் அதே நுரை.
லோகநாயகியோ, லோகாம்பாளோ,
லோகசுந்தரியாகவும் இருக்கலாம்.
முப்பத்தெட்டில் அந்தப் பெயர் இல்லை என்பது
என்னைவிட யாருக்குத் தெரியும்.

ரெமீனாவின் தகடு இழுப்பறையில் மீந்து கிடந்தது.
பின்பக்கம் திருப்பி
ரஃபீகுலிடம் கொடுத்தேன், இரண்டே எழுத்து.
பில் இல்லாத வேலை, சேட்டன் சாப்பிடப் போயிருந்தார்.
வெட்டி முடித்து, தூளை ஊதி,
உளியை அவனே எடுத்து நீட்டினான்.

இதில் புள்ளி இல்லை, என்றேன்.

நம்பாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

மீதிப் பெயரில் இருக்கலாம்.