முதல் அண்டை

ஒந்தாரோவாவில் லிஃப்ட் நின்றுபோன மூன்றாம் நாள்
நான்காம் மாடியில் பிராம் இறந்துபோனான்.
கடலில் அல்ல, கட்டிலில்.
பதினோரு வருடம் அலைமேல் நின்றவன்
வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை
சாக்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

எனக்கும் அவனுக்கும் நடுவே
ஒரு செங்கல் கனச் சுவர்.
அவன் ரேடியோவும் என் இருமலும்
வாடகை தராமல் அதில் போய்வந்தன.

எங்கள் மலைப் பக்கம் ஒரு கணக்கு உண்டு.
உன் வாசலிலிருந்து தேவாலயத்துக்குப் போகிற வழியில்
முதலில் வருகிற வீடு எதுவோ
அது உனக்கு முதல் அண்டை.
ரத்த உறவெல்லாம் அதற்குப் பின்னால்.
இழவு சொல்லப் போவது அவர்கள்.
கூரையில் ஓர் ஓடு நகர்த்தி
உயிருக்கு வழி விடுவது அவர்கள்.
தேன்பெட்டியைத் தட்டி
வீட்டுக்காரர் போய்விட்டாரென்று
ஈக்களுக்குத் தகவல் தருவதும் அவர்கள்.

யாரும் எனக்கு இதைப் பாடம் நடத்தவில்லை.
மலைவீட்டைப் பைன்மரக் கம்பெனிக்கு விற்ற பணத்தில்
வாங்கியதுதான் இந்த இரண்டரை அறை.
நல்ல விலை. வருத்தமில்லை.
ஆனாலும் மக்தார் படியில் நின்று கத்தியபோது
மூளைக்கு முன்னால் கால் போய்விட்டது.

அதே கால்தான்
மூன்று வருடம் அந்த வாசலை ஒதுங்கி நடந்தது.
அதையும் சொல்லியாக வேண்டும்.
"ஊர் தெரியாதவனிடம் நாய் முதலில் பேசட்டும்"
என்பார் அப்பா.
அதுவும் அதே மலையில் விளைந்த சொல்.
ஒரே பெட்டகத்தில்
பிணத்துக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியும் இருந்தது,
கத்தியும் இருந்தது.
பார்க்காமல் கைவிட்டு எடுத்தவள் நான்.

மீன் ஏலக் கூடத்தில் எடை எழுதுவது என் பிழைப்பு.

அவனோ, படியில் எதிர்ப்பட்டால் போதும்,
சொட்டுகிற பையோடு நின்றுவிடுவான்.
தூக்கம் எப்படி, வேலை எப்படி,
வீட்டு மனிதர்கள் எப்படி?
யாருமில்லை என்பேன்.
மறுநாளும் கேட்பான்.
கேலி என்று நினைத்தேன்.
ஒரு வாரம், வேவு என்றும் நினைத்தேன்.
ஒரு வணக்கத்துக்கே அவர்கள் ஊரில்
கால்மணி நேரம் பிடிக்குமென்று
அவன் செத்த பிறகு மக்தார் சொன்னான்.

ஓடு நகர்த்தலாமென்றால் மேலே கான்கிரீட்,
அதற்கு மேலே ஐந்தாம் மாடிக்காரியின் வாஷிங் மெஷின்.
அவன் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.
பதினாறு கதவு தட்டி இழவு சொன்னேன்.
சிலர் சங்கிலியை எடுக்காமலே கேட்டார்கள்.
தேனீக்கு எங்கே போவேன்?
துறைக்கு இறங்கி, கட்டிக் கிடந்த அவன் படகை
மூன்று முறை தட்டி
"பிராம் இனி வரமாட்டான்" என்றேன்.
வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்
குடித்திருக்கிறாள் என்று முகம் திருப்பிக்கொண்டார்.

நான்கு மாடி.
திருப்பத்தில் பெட்டி சுவரில் உரசியபோது
கால்மாட்டுப் பிடி என் கையில் இருந்தது.
எப்போது பிடித்தேன், தெரியாது.

எந்தத் தேவாலயத்துக்குப் போகிற வழி?
அவன் தென்கிழக்கு பார்த்துத் தொழுதவன்.
நான் எதையும் பார்த்துத் தொழாதவள்.
கணக்குப்படி அவனுக்கு நான் யாருமில்லை.
ஆனால் அவன் கதவைத் திறந்தால்
முதலில் தெரிவது என் கதவு.
அது பகலிலும் இரண்டு பூட்டோடு இருந்தது.

அன்றிரவு அவன் அறையில்
அகலமான ஒரே கிண்ணத்தைச் சுற்றி ஒன்பது பேர்.
அவரவர் முன்னால் இருக்கிற சோறு அவரவருக்கு.
நடுவிலிருந்த மீன் மட்டும்
துண்டுதுண்டாக என் பக்கம் நகர்ந்து வந்தது.
யார் தள்ளினார்கள் என்று தெரியவில்லை.
நானூறு கிராம் இருக்கும்.
எழுதவில்லை.

இப்போது அங்கே மக்தார் குடியிருக்கிறான்.
லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.
நேற்று மூன்றாம் மாடித் திருப்பத்தில்
மூச்சு வாங்க நின்றவளிடம் கேட்டான்:
தூக்கம் எப்படி, வேலை எப்படி,
வீட்டு மனிதர்கள் எப்படி?

இருக்கிறார்கள், என்றேன்.
சாவியைத் தேடுகிறவள்போல்
பையைக் கிளறிக்கொண்டே.